கரிசல் மண்ணின் கண் மருத்துவர்

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி என விரியும் கரிசல் பூமிக்கு நாடறிந்த பெயர்கள் சில உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன், ஓட்டப்பிடாரம் வ.உ. சிதம்பரனார், எட்டயபுரம் பாரதியார் ஆகியோரை அந்த வட்டாரத்தின் சிறு பிள்ளைகளும் அறிவர். அதே மண்ணில், எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமியின் பெயரோ பெரும்பாலும் மதுரையோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன.

அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர் என்ற அளவில் பலரும் அவரை அறிவர். மேலாண்மைத் துறையினர், குறைந்த செலவில் நிறைந்த பணி என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாகக் கொள்வர். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-ஆம் ஆண்டிலேயே அவருடைய மருத்துவமனையைப் பாடமாக்கிவிட்டது. இந்தப் புகழுரைகளுக்கு இடையில், அவர் கைகள் முடங்கிய ஒரு மாற்றுத்திறனாளி என்பது உருக்கமான அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அந்த அடிக்குறிப்பிலிருந்து தொடங்கித்தான் அவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் அதிலிருந்தே விளைந்தன.

1918 அக்டோபர் 1 அன்று ஒரு வேளாண் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக அவர் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி மாவட்டம் உருவானது 1986-இல்தான். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் கடன், பெய்தால் கடனை அடைப்பது என்பதே அங்குள்ள குடும்பங்களின் வரவு-செலவுக் கணக்கு. ஊரில் முறையான பள்ளி இல்லை. பலகையும் தாளும் இல்லை. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் அவர் எழுத்துகளைக் கற்றார்.

அவருக்குப் பத்து வயது நிறைவதற்குள் உறவுப் பெண்கள் மூவர் அடுத்தடுத்துப் பேறுகாலச் சிக்கல்களால் இறந்தனர். கூப்பிட்ட குரலுக்கு மருத்துவர் இல்லாத ஊரில் அது விதியாகவே கொள்ளப்பட்டது. மகப்பேறு மருத்துவராவது என்று அந்தச் சிறுவன் அப்போதே மனதில் முடிவு செய்துகொண்டான். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பட்டம் (1938), சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பட்டம் (1944), பிறகு இந்திய ராணுவ மருத்துவப் பிரிவில் பணி என்று அந்த முடிவை நோக்கியே அவருடைய பாதை சென்றது.

முப்பது வயதை எட்டும் வேளையில் முடக்குவாதம் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, கைவிரல்களும் கால்விரல்களும் கோணி இறுகின. 1948-இல் ராணுவம் அவரைப் பணியிலிருந்து விடுவித்தது. எழுந்து நிற்பதும் ஒரு பேனாவைப் பிடிப்பதும் இயலாத நிலையில் நெடுங்காலம் படுக்கையிலேயே கழிந்தது. நோய் ஓரளவு தணிந்தபோது விரல்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மணிக்கணக்கில் நின்று, உடல் வலுவையும் செலுத்திப் பணியாற்ற வேண்டிய மகப்பேறு மருத்துவம் இனி இல்லை என்பது உறுதியாயிற்று.

இந்த இடத்தில் அவர் செய்த தேர்வு கவனிக்கத்தக்கது. மருத்துவத் தொழிலையே விட்டுவிடுவதற்கு அவருக்குப் போதிய காரணம் இருந்தது. ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ கண் மருத்துவத்துக்கு மாறினார். அமர்ந்தபடி செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை அது. ஆனால், மற்ற எந்தத் துறையையும்விட விரல் நுனியின் நுட்பத்தைக் கோருவதும் அதுவே. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பயின்று 1951-இல் பட்டயம் பெற்றார். வளைந்த விரல்களுக்கு இடையில் கத்தியை நிறுத்தப் பழகினார்; தன் கைக்குத் தோதான கருவிகளை அமைத்துக்கொண்டார். கையை மாற்ற இயலாதபோது கைப்பிடியை மாற்றினார் எனலாம்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவைச் சிகிச்சை நிபுணராகவும் அவர் நியமிக்கப்பட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு சட்டமும் இல்லாத காலம் அது. கோணிய விரல்களைக் கண்ட பிறகும், அந்த விரல்கள் செய்த வேலையைப் பார்த்து ஒருவரைத் துறைத் தலைவராக்கிய அன்றைய அரசு நிர்வாகத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். வாழ்நாளில் அவர் தம் கையால் செய்த கண் அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஒரே நாளில் நூறு வரை செய்த நாள்களும் உண்டு.

தந்தை மறைந்த பின் தம்பி, தங்கைகளின் கல்வியும் திருமணமும் மூத்தவரான அவர் பொறுப்பாயின. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

எர்ஸ்கின் மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கண்புரை முற்றியவர்கள். கண்ணின் வில்லை வயதின் காரணமாகப் பாலாடை படர்ந்ததுபோல் மங்குவதே கண்புரை. மருந்தாலோ சொட்டு மருந்தாலோ அது தீராது. மங்கிய வில்லையை அறுவைச் சிகிச்சையால் அகற்றினால் பார்வை திரும்பிவிடும். 1970-களின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, நாட்டின் பார்வையிழப்பில் பாதிக்கு மேல் கண்புரையால் வருவதாகக் கண்டது. வேறு சொற்களில் கூறினால், பார்வையற்றவர்கள் என்று எண்ணப்பட்டோரில் பாதிப் பேர் உரிய காலத்தில் ஒரு சிறு சிகிச்சை கிடைக்காதவர்கள்.

கிராமத்திலிருந்து வராதவர்களைத் தேடிப் போவது என்று 1960-இல் அவர் கண் சிகிச்சை முகாம்களைத் தொடங்கினார். 1965-இல் நியூயார்க்கில் நடைபெற்ற பார்வையற்றோர் மறுவாழ்வு மாநாட்டுக்குச் சென்றபோது சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். பன்னிரண்டாம் வயதில் பள்ளி வேதியியல் கூடத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இரு கண்களையும் இழந்தவர் வில்சன். பார்வையற்றோருக்கான ராயல் காமன்வெல்த் சங்கத்தை நிறுவியவர். கை முடங்கிய மருத்துவரும் கண் இழந்த நிர்வாகியும் நண்பர்களாயினர். அந்தச் சங்கத்தின் உதவி மதுரை முகாம்களுக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1966-இல், பார்வையற்றோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்றை வெங்கடசாமி மதுரையில் ஏற்படுத்தினார். அவருடைய வாழ்க்கையை எழுதுவோர் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். பார்வையை மீட்டுத் தருவது ஒரு மருத்துவரின் பணி. மீட்க இயலாத பார்வையோடு ஒருவர் தொழில் கற்று, நடமாடி, தம் சம்பாத்தியத்தில் வாழ வழி செய்வது அந்தப் பணியின் எல்லைக்கு வெளியே உள்ளது என்றே இன்றும் பல மருத்துவர்கள் எண்ணுகின்றனர். குணமாகாத உடலோடு தொழில் செய்து வாழ்ந்தவர் என்பதால் அவருக்கு அந்த எல்லை தெரியவில்லை போலும்.

வைட்டமின் ஏ குறைபாட்டால் மாலைக்கண் வந்து, விழிப்படலம் உலர்ந்து, பார்வை இழந்த குழந்தைகளும் அந்நாள்களில் ஏராளம். கரிசல் காட்டில் வேலியோரம் முருங்கை இருக்கும். குழந்தையின் உணவில் கீரை இருக்காது. 1970-களின் தொடக்கத்தில் எர்ஸ்கின் மருத்துவமனையில் ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் அமைக்கப்பட்டது. தாய்மார்கள் குழந்தைகளுடன் தங்கி, கைக்கெட்டும் கீரை, காய்களை வைத்தே சமைக்கக் கற்றனர். 1973-இல் கண் மருத்துவ உதவியாளர் பயிற்சியும் தொடங்கியது. அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருது வந்தது.

1976-இல் 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஓய்வூதியத்தோடு ஓய்ந்திருக்க வேண்டிய வயதில், மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் அவர் மருத்துவமனை தொடங்கினார். ஆறு படுக்கைகள் பணம் செலுத்த இயலாதவர்களுக்கு, ஐந்து செலுத்துவோருக்கு. தாம் வழிகாட்டியாகக் கொண்ட அரவிந்தரின் பெயரை அதற்கு இட்டார். வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. வீடு அடமானத்துக்குப் போயிற்று. வீட்டுப் பெண்களின் நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை மருத்துவர் நாச்சியாரும் அவருடைய கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமியும் அரசுப் பணியை விட்டு வந்து சேர்ந்தனர். தம்பி சீனிவாசன் கட்டடப் பணிகளையும் கணக்கையும் ஏற்றார். மூத்தவர் சொன்னால் மறுபேச்சில்லை என்ற கூட்டுக் குடும்ப ஒழுங்கு அந்த மருத்துவமனையின் முதல் மூலதனம். அந்த ஒழுங்கு இளையவர்களிடம் வாங்கிய வேலையும் கொஞ்சநஞ்சமன்று.

விலைப் பாகுபாடு என்றொரு பாடம் பொருளாதார வகுப்பில் உண்டு. ஒரே சேவைக்கு வெவ்வேறு வாடிக்கையாளரிடம் வெவ்வேறு விலை வாங்குவது அது. முற்றுரிமை நிறுவனத்தின் கொள்ளை உத்தியாகவே பாடநூல்கள் அதை அறிமுகம் செய்யும். அதை ஏழைகளின் பக்கம் திருப்பலாம் என்பதற்கு மாணவர்களிடம் நான் அரவிந்த் மருத்துவமனையையே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் செலுத்த இயலாதவர்களின் சிகிச்சையும் நடந்தது. அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்கள் இரு தரப்புக்கும் பொது. வேறுபாடு தங்குமிடத்தில் மட்டும்: ஒருவருக்குக் கட்டிலும் தனி அறையும், மற்றவருக்குப் பொதுக்கூடத்தில் பாய்.

இதில் நுட்பமானது, யார் ஏழை என்று முடிவு செய்யும் முறை. வருமானச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. ரேஷன் அட்டையின் நிறம் பார்க்கப்படவில்லை. எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை நோயாளியே தேர்ந்துகொள்ளலாம். வசதியுள்ள ஒருவர் பாயில் படுக்கத் தயார் என்றால் படுக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்படி வருவோர் மிகக் குறைவு என்பதால் கணக்கு இடிக்கவில்லை. நலத்திட்டம் ஒவ்வொன்றுக்கும் தகுதியை மெய்ப்பிக்கும் சுமையைப் பயனாளியின் தலையில் ஏற்றும் நம் அலுவலகங்கள் இந்த ஒன்றையாவது கற்றிருக்கலாம். மாற்றுத்திறனாளி ஒருவர் சதவீதச் சான்றிதழுக்காக மாவட்டத் தலைநகருக்கு எத்தனை முறை பேருந்து ஏற வேண்டியிருக்கிறது என்பது அந்தக் குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

இலவசம் என்று அறிவித்த பிறகும் மக்கள் வரவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பெரிய பாடம். முகாமில் பரிசோதித்து, மதுரைக்கு வரச் சொல்லி அனுப்பியவர்களில் பலர் வரவே இல்லை. ஏன் என்று விசாரித்தபோது காரணங்கள் வெளிப்பட்டன. பேருந்துக் கட்டணம் வேண்டும். துணைக்கு ஒருவர் வர வேண்டும். அந்தத் துணையின் கூலி போகும். இருவருக்கும் சாப்பாட்டுச் செலவு ஆகும். அறுவைச் சிகிச்சையின் விலை பூஜ்யம். பார்வையின் விலை பூஜ்யமில்லை. விதைப்புக்கும் களையெடுப்புக்கும் சில வாரங்களே வேலை கிடைக்கும் மானாவாரி மண்ணில், அந்தச் சில நாள் கூலி ஆண்டு வருமானத்தில் என்ன பங்கு என்பதை வடமலாபுரத்துப் பிள்ளைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

முகாம் ஊரிலிருந்தே பேருந்தில் ஏற்றி வருவது, சாப்பாடு, தங்குமிடம், மருந்து, திரும்பக் கொண்டுவிடுவது என அனைத்தும் சிகிச்சையின் பகுதியாக்கப்பட்டன. ஒரே ஊர்க்காரர்கள் குழுவாக வந்ததால் துணைக்கு ஆள் தேவைப்படவில்லை. ஒருவருக்கு ஒருவர் துணை. முகாம் நடத்தும் செலவை உள்ளூர்ச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் ஏற்றன.

அறுவை அரங்கின் ஒழுங்கு பற்றி உலகம் நிறையவே எழுதியுள்ளது. ஒரு மருத்துவருக்கு அடுத்தடுத்த மேசைகள்; ஒரு நோயாளிக்குச் சிகிச்சை நடக்கும்போதே அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார்; மருத்துவர் நுண்ணோக்கியோடு திரும்பினால் போதும். இங்குள்ள மருத்துவர் ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைச் சிகிச்சைகள் செய்தார். பிற இடங்களில் அது சில நூறுகளே. அமெரிக்காவின் ஹாம்பர்கர் விற்பனை நிறுவனத்தை அவர் வியந்து பார்த்தார் என்பதையே மேலாண்மைப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்கின்றனர். அந்த வேகத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து வந்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற இளம்பெண்கள். பார்வை அளப்பது முதல் அறுவைக்கு ஆயத்தம் செய்வது வரை அவர்கள் செய்தனர். சிறு ஊரின் பெண்ணுக்கு இது வருமானத்தையும் மதிப்பையும் தந்தது உண்மை. அவர்களுடைய ஊதியமும் பணி உயர்வும் மருத்துவரின் உற்பத்தித்திறன் அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பதும் என் எண்ணம்.

அந்நாளைய சிகிச்சையில் மங்கிய வில்லையை அகற்றிவிட்டு, தடித்த கண்ணாடி தருவர். அந்தக் கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை வில்லை மேல்நாடுகளில் பரவியபோது, அது ஏழை நாடுகளுக்குக் கட்டுபடியாகாது என்று அறிஞர்கள் பலர் கருதினர். இறக்குமதி வில்லை ஒன்றின் விலை நூறு டாலரை ஒட்டியிருந்தது. பணக்காரருக்கு வில்லை, ஏழைக்குக் கண்ணாடி என்ற இரட்டைத் தரத்தை வெங்கடசாமி ஏற்கவில்லை. 1992-இல் மதுரையில் அரோலேப் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும் டேவிட் கிரீனும் துணை நின்றனர். வில்லையின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் மேலும் குறைந்தது. இன்று நூறு நாடுகளுக்கும் மேல் அது ஏற்றுமதியாகிறது. அவருடைய பணிகளில் மிகத் தொலைவு சென்றது இதுவே என்று தயங்காமல் சொல்வேன். மதுரைக்கு ஒருபோதும் வராத ஆப்பிரிக்க உழவர் ஒருவரின் கண்ணிலும் அது இருக்கலாம்.

தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என மருத்துவமனைகள் பெருகின. ஆனாலும், 1999-இல் வெளியான ஓர் ஆய்வு கசப்பான உண்மையைச் சொன்னது. முகாம்கள் நடந்த கிராமங்களில் கண் குறைபாடுடைய பெரியவர்களில் ஏறக்குறைய 7 சதவீதத்தினரே முகாமுக்கு வந்திருந்தனர். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குள் வரும் முகாமும் பலருக்குத் தொலைவாகவே இருந்தது. புகழின் உச்சியில் இருந்த ஒரு நிறுவனம் அந்த எண்ணை மூடி மறைக்காமல், சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்து, தொலைத்தொடர்பு வழியே மருத்துவரோடு இணைத்தது. அப்போது வெங்கடசாமிக்கு எண்பது வயது கடந்திருந்தது.

2006 ஜூலை 7 அன்று அவர் மதுரையில் காலமானார். அந்நாளில் அரவிந்த் மருத்துவமனைகள் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தன. இப்போது லேசர் உள்ளிட்ட சிகிச்சைகளோடு சேர்த்து அது ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. அவற்றில் பாதி அளவு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடைபெறுகிறது. நாட்டளவில் பார்வையிழப்பு விகிதம் 2015-19 ஆய்வில் 0.36 சதவீதம் எனப்பட்டது. இடையில் பார்வையிழப்பின் வரையறையே மாற்றப்பட்டதால் பழைய எண்களோடு நேராக ஒப்பிடுவது பொருந்தாது. ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு இன்றும் கண்புரையே காரணம் என்பது மட்டும் மாறவில்லை.

அடிக்குறிப்புக்குத் திரும்புவோம். 1995-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென முதல் சட்டமும், 2016-இல் விரிவான உரிமைச் சட்டமும் வந்தன. குறைபாட்டு வகைகள் ஏழிலிருந்து 21 ஆயின. இந்த உரிமைகள் ஏட்டில் ஏறிய பின்னரே, 2019-இல், மருத்துவக் கல்வி நெறிமுறை ஒன்று நடைமுறைக்கு வந்தது. மருத்துவம் பயில விரும்புவோருக்கு இரு கைகளும் குறையின்றி, உணர்ச்சியும் வலுவும் அசைவும் உடையனவாக இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. வெங்கடசாமி நோயுறும் முன்பே பட்டம் பெற்றுவிட்டார். பதினெட்டு வயதில் அவருக்கு அந்த நோய் வந்து, இந்த விதியின் முன் அவர் நின்றிருந்தால், ஒரு லட்சம் கண்களுக்கு ஒளி தந்த கைகளைத் தேர்வுக் குழு ஒரு படிவத்தில் நிராகரித்திருக்கும்.

குறைபாட்டின் அளவு மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்காது, அவரால் என்ன செய்ய இயலும் என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2025 பிப்ரவரியில் மற்றொரு தீர்ப்பில் கூறியது. 1956-இல் மதுரை எர்ஸ்கின் மருத்துவமனையில், எந்த வழக்கும் இல்லாமல், யாரோ ஓர் அதிகாரி ஒரு நியமன ஆணையில் கையெழுத்திட்டுத் தீர்த்துவைத்த செய்தி அது.